பலகைக்குப் பின்னால் ஒரு கை

புந்தோங் கோயிலில் கோகிலன் தீமிதித்ததை யாரோ போனில் படம் பிடித்துப் போட, அது அவன் முதலாளி தர்மாவின் கண்ணில் பட்டுத் தொலைத்தது. அன்றைக்குப் பிடித்தது சனியன்.

தர்மாவுக்குச் செமோரில், பழைய ரப்பர் தோட்டத்து நிலத்தில் ஒரு பலகைத் தொழிற்சாலை. பாகான் செராய் அரிசி ஆலைகள் குப்பையென்று தள்ளும் உமியை லோரியில் அள்ளி வந்து, அரைத்து, பழைய பிளாஸ்டிக்கோடு உருக்கிக் கலந்து, நெருப்பை அடக்கும் வெள்ளைத் தூளும் போட்டு அழுத்தினால் பலகை. மரத்தைவிடக் கெட்டி. தீ வைத்தால் கருகுமே தவிரப் பிடிக்காது. சும்மா சொல்லக்கூடாது, நல்ல சரக்குத்தான். ஆனால் வாங்க வருகிறவனுக்குச் சரக்கு மட்டும் போதுமா, வேடிக்கை வேண்டாமா?

அந்த வேடிக்கைதான் கோகிலன். ஆள் வந்தால் பலகைக்குப் பின்னால் வலது உள்ளங்கையை ஒட்டி வைக்க வேண்டும். முன்பக்கம் தர்மா கேஸ் டார்ச்சின் நெருப்பைப் பிடிப்பான். "இவன் எங்க கோயில்ல நெருப்புல நடக்கிற ஆளு" என்று சிரிப்பான். பலகை இரண்டு விரல் கனம். கைக்குச் சூடே வராது. கோகிலனுக்கும் உள்ளூரக் கொஞ்சம் பெருமைதான், அதையும் சொல்லிவிட வேண்டும்.

அவன் கான்ட்ராக்ட் ஆள். மனைவி ஷாமினி நிறைமாதக்காரி. "இந்த சிங்கப்பூர் பார்ட்டி கையெழுத்துப் போட்டுட்டா உன்னைப் பெர்மனண்ட் ஆக்கிடுறேன்லா" என்று தர்மா வாக்குக் கொடுத்திருந்தான். காலையில் ஷாமினியும், "இன்னைக்கு எப்படியாவது கேட்டுட்டு வந்துருங்க" என்று சொல்லித்தான் அனுப்பினாள்.

சிங்கப்பூர்க்காரர் வந்து உட்கார்ந்து அந்த வேடிக்கையைப் பார்த்தார். பிறகு, கூரைக்கு அடியில் அடிக்கத் தனக்கு மெல்லிசுப் பலகைதான் வேண்டும், அதில் செய்து காட்டுங்கள் என்றார். தர்மா ஒரு நிமிஷம்கூட யோசிக்கவில்லை. சுண்டுவிரல் கனம்கூட இல்லாத பலகையைத் தூக்கி நிறுத்தினான்.

"பாஸ், இது ரொம்ப மெல்லிசு" என்றான் கோகிலன்.

"தீப்பிடிக்காதுடா. நீ கலக்குன சரக்குதானே? வை கைய."

பிடிக்காதுதான். சூடு ஏறாது என்று எந்தப் பாவி சொன்னான்?

டார்ச் சீறியது. முதலில் வெதுவெதுப்பு. அப்புறம் தோசைக்கல். கையை எடுத்துவிடலாம், யார் பிடித்து வைத்திருந்தார்கள்? ஆனால் தீமிதியில் சுட்டுவிட்டால் விரதத்தில் குறை என்பார்கள். முகம் சுளித்தவனை ஊரே ஒரு வருஷம் பேசும். அந்தப் புத்தி அவனுக்குள் ஊறிக் கிடந்தது. பல்லைக் கடித்துக்கொண்டு, தாயே, தாயே என்று மனசுக்குள் கூப்பிட்டபடி நின்றான். அடப் பைத்தியக்காரா, அது கோயில், இது கம்பெனி! இதை அவனிடம் யார் சொல்வது? கூட வேலை செய்யும் சுரேன்கூட வாயைப் பிளந்து பார்த்துக்கொண்டுதான் நின்றான்.

"இன்னும் கொஞ்ச நேரம்" என்றார் சிங்கப்பூர்க்காரர், ஆசை அடங்காமல். தர்மா நெருப்பை இன்னும் கிட்டே கொண்டுபோனான்.

அணைத்தபோது பலகை கருகியிருந்தது, பற்றவில்லை. சிங்கப்பூர்க்காரர் கைதட்டினார். எழுந்து நேரே கோகிலனிடம் வந்து கையை நீட்டினார். கோகிலன் தன் கையைப் பலகையிலிருந்து பிரித்தான். உள்ளங்கைத் தோலில் பாதி பலகையோடு நின்றுவிட்டது. தயங்கினான். தர்மா கண்ணாலேயே மிரட்டினான். கொடுத்தான். அவர் நன்றாக அழுத்திக் குலுக்கினார். பிசுபிசுத்ததும் தன் விரல்களைப் பார்த்தார்.

"வேர்வை சார். எங்க ஆளுங்களுக்கு ரொம்ப வேர்க்கும்" என்று தர்மா டிஷ்யூவை நீட்டினான். அவரும் துடைத்துக்கொண்டு கையெழுத்துப் போட உள்ளே போனார்.

கார் கிளம்பிப் போன பிறகுதான் தர்மா பின்கட்டுக்கு வந்தான். கோகிலன் வாளித் தண்ணீரில் கையை முக்கிக்கொண்டு உட்கார்ந்திருந்தான்.

"பாஸ்... பெர்மனண்ட்னு சொன்னீங்க."

"இந்தக் கைய வச்சுக்கிட்டு மெஷின்ல எப்படிடா நிப்ப? அந்த இடத்துக்கு சுரேனைப் போட்டுட்டேன்." தர்மா குனிந்து பார்த்து உச்சுக் கொட்டினான். "நாளைக்குப் பினாங்கு பார்ட்டி வருது. இடது கை நல்லாத்தானே இருக்கு?"

கோகிலன் ஷாமினியை நினைத்தான்.

"இருக்கு பாஸ்" என்றான்.