கொலருக்குள் தைத்த இலக்கம்

வினாயகமூர்த்திக்கு மறதி நோய் என்று டொக்டர் சொன்ன பிறகு வந்த முதல் வெள்ளத்தில், அவர் கட்டிலைப் பிடித்துக்கொண்டு வீட்டை விட்டு வரமாட்டேன் என்று அழுதார். நான்கு பேர் தூக்கித்தான் தோணியில் ஏற்றினார்கள். அந்த அழுகையை மனைவி கேதீஸ்வரியால் மறக்க முடியவில்லை.

அதனால் அடுத்த மாரிக்கு அவள் கோடையிலேயே ஆயத்தமானாள். பின்னேரங்களில் அவரை, வெள்ளத்துக்கு ஊர்ச்சனம் போய்த் தங்கும் பள்ளிக்கூடம்வரை நடத்திக் கூட்டிப்போவாள். அதன் மண்டபத்து வாசலில் இருவரும் போத்தலில் கொண்டுபோன தேத்தண்ணியைக் குடித்துவிட்டுத் திரும்புவார்கள். அவருடைய சேட்டுகள் எல்லாவற்றிலும் கொலருக்குள் அவர் பெயரையும் தன் தொலைபேசி இலக்கத்தையும் தைத்தாள்.

"அப்பாக்கு இதெல்லாம் என்னத்துக்கம்மா?" என்று மகள் கம்சாயினி கேட்டபோது, "இருக்கட்டும் புள்ள" என்று மட்டும் சொன்னாள்.

கார்த்திகையில் ஆறு பெருகி, வயல்வட்டை முழுவதும் வெள்ளக்காடானது. வாசலுக்குத் தோணி வந்தது.

"பள்ளிக்கூடத்துக்குப் போய்த் தேத்தண்ணி குடிப்பமா?" என்று கேட்டாள் கேதீஸ்வரி.

"ஓம், வா" என்று அவரே முன்னால் போய்த் தோணியில் ஏறினார்.

ஆனால் மறுநாள் காலை, மண்டபத்தில் அவள் மருந்துக்குச் சுடுதண்ணீர் வாங்கப் போன நேரத்தில் அவருடைய பாய் வெறுமையாகிவிட்டது. கழிப்பறைப் பக்கம், கிணற்றடி, எங்குமில்லை. பள்ளிக்கூடப் படலைக்கு வெளியே வீதியின் இருபுறமும் தண்ணீர்.

அப்போது தொலைபேசி அடித்தது.

"அம்மா, நான் ஏறாவூர் றிஸான். சாப்பாட்டுப் பார்சல் கொண்டுவந்த எங்கட ட்ரக்டர்ல ஒரு ஐயா ஏறி இருக்கார். கொலர்ல இந்த நம்பர் கிடக்கு."

"தண்ணிக்க இறங்கிட்டாரா தம்பி?"

"இல்லம்மா. உடுத்திருக்கிற சாரங்கூட நனையல்ல. சந்தியில நிக்கம், வாங்க."

சந்தியில் ட்ரக்டரின் பின்பெட்டியின் மேல் அவர் உட்கார்ந்திருந்தார். "வரிசையா வாங்க, எல்லாருக்கும் இருக்கு" என்று சொல்லிச் சொல்லி ஒவ்வொருவருக்கும் பார்சல் கொடுத்துக்கொண்டிருந்தார். றிஸான் பக்கத்தில் நின்று எடுத்துக் கொடுத்தான்.

கேதீஸ்வரி பெட்டியின் விளிம்பைப் பிடித்தபடி நின்றாள்.

"எங்க போன நீ?" என்றார் அவர். "சாப்பிட்டியா?"

அவர் அப்படிக் கேட்டு வெகுகாலமாகியிருந்தது. இல்லை என்று தலையசைத்தாள். அவர் நீட்டிய பார்சலை வாங்கி, வீதியோரத்திலேயே பிரித்து, கண்ணைத் துடைத்துக்கொண்டு சாப்பிடத் தொடங்கினாள். பருப்பும் சோறும் இன்னும் சூடாக இருந்தன.