பழத்தின் கறுப்பு

என் பக்கத்து வீட்டு ஸ்லவ்காவுக்கு எந்த நோய்க்கும் பிளாக்பெர்ரிதான் மருந்து. வால்யெவோ மலைச்சரிவில், அவள் வீட்டுக்குப் பின்னால் இரண்டு வரிசை முட்கொடி. ஆகஸ்டில் பழுத்துவிட்டால் ஒன்றையும் வீணாக்கமாட்டாள். ஜாம் கிண்டுவாள், சாறு பிழிவாள், நசுங்கியதை ஒயினுக்குப் போடுவாள்.

அந்த வருஷம் அவள் கணவன் திஹோமிர் காகிதமாக வெளுத்துப்போனான். "ரத்தம் ரொம்பக் குறைச்சல். டவுன் ஆஸ்பத்திரியில முழுசா பாத்துடுங்க" என்றார் ஊர் டாக்டர்.

ஸ்லவ்கா கேட்கவில்லை. "இதுல வைட்டமின் சி இருக்காம்யா. ஈரல்ல இருக்கிற இரும்புச்சத்து உடம்புல ஒட்டறதுக்கு அதுதான் வேணுமாம். ஒரு மாசம் தின்னு. அப்புறம் டவுனுக்குப் போகலாம்."

திஹோமிரும் சரியென்று தலையாட்டினான். காலையில் தயிரோடு ஒரு கிண்ணம் பழம், மதியம் வறுத்த ஈரலோடு சாறு.

நாலைந்து நாள் கழித்து வேலியோரம் நின்று சொன்னான்: "அடியே, வெளிக்குப் போனா எனக்குக் கறுப்பா போகுதுடி."

"கிண்ணம் கிண்ணமா பிளாக்பெர்ரி தின்னா மஞ்சளாவா போகும்?" என்று அவள் சிரித்தாள். பக்கத்தில் நின்ற நானும் சிரித்தேன்.

செப்டம்பர் கடைசியில் பன்றிக் கொட்டிலில் மயங்கி விழுந்தான். ஆஸ்பத்திரிக்கு நானும் கூடப் போனேன். வயிற்றுக்குள் ரத்தம் கசிந்தால் மலம் கறுக்கும், அப்படிக் கறுப்பாகப் போகிறதா என்று டாக்டர் கேட்டதும் ஸ்லவ்கா முந்திக்கொண்டாள்: "அது பழத்தால டாக்டர்."

திஹோமிர் கண்ணைத் திறக்காமலே சொன்னான்: "பழமெல்லாம் இல்ல. முதல் வாரத்தோட விட்டுட்டேன். ஒரே புளிப்பு, விதை வேற பல்லுல மாட்டுது. இவ அந்தப் பக்கம் போனதும் பன்றித் தொட்டியில கொட்டிடுவேன்."

ஸ்லவ்கா அவன் பக்கம் திரும்பினாள். "அப்போ, அது ரத்தம்னு உனக்குத் தெரியுமாய்யா?"

"எங்க அப்பனுக்கும் இப்படித்தான் போச்சு. வயித்தைக் கிழிச்சாங்க. வீட்டுக்குத் திரும்பி வரல. பயமா இருந்துச்சுடி."

இரைப்பையில் கட்டி. ஈரல் வரை பரவிவிட்டிருந்தது. முதல் பனி விழுவதற்குள் போய்விட்டான்.

நாற்பதாம் நாள் கல்லறையில் மெழுகுவர்த்தி ஏற்றும்போது அவன் அக்கா எல்லோர் முன்னாலும் கத்தினாள்: "பழத்தைக் குடுத்தே எந்தம்பியைக் கொன்னுட்டா, பாவி!"

உண்மையைச் சொல்ல நான் வாயெடுத்தேன். ஸ்லவ்கா என் மணிக்கட்டை இறுக்கிப் பிடித்தாள். எல்லோரும் கலைந்தபின், "ஏன்டி தடுத்தே?" என்று கேட்டேன்.

"டாக்டருக்குப் பயந்து பொய் சொல்லியே செத்தான்னு ஊரே பேசணுமா, மிலுன்கா? அவன் மானஸ்தன். என்னைப் பேசட்டும். டவுனுக்குப் போக வேணாம்னு சொன்னவ நான்தானே?"

அதன்பின் அந்த நாத்தனார் ஸ்லவ்கா வீட்டு வாசலை மிதிக்கவேயில்லை. கடைத்தெருவில் கண்டாலும் முகத்தைத் திருப்பிக்கொண்டு போனாள். ஸ்லவ்கா தலைகுனிந்து நடப்பாள். பக்கத்தில் நான் வாயை மூடிக்கொண்டு நடப்பேன்.