பதினைந்தாவது பெயர்

காளியப்பன் வாத்தியாருக்கு இரண்டு வேலை. விடியுமுன் பெரட்டுக் களத்தில் நின்று வேலையாட்களின் பேரை ஒவ்வொன்றாகக் கூப்பிடுவார். விடிந்ததும் அதே தொண்டையோடு ரப்பர் தோட்டத்துப் பள்ளிக்கூடத்தில் பதினைந்து பிள்ளைகளுக்குப் பாடம் சொல்வார்.

முப்பத்துநான்காம் வருஷம் சர்க்கார் மானியத்துக்குப் புது விதி வந்தது. பதிவேட்டில் உள்ள பிள்ளைகளில் பாதிக்கு மேல் சோதனையில் தேற வேண்டும். இல்லையென்றால் மானியம் கிடையாது. மானியம் இல்லாத பள்ளிக்கூடத்தைத் தோட்டத்துத் துரை ஒரு நாள்கூட விட்டுவைக்க மாட்டார். ரப்பர் ஷீட் அடுக்க இடம் போதாமல் அவர் கண் எப்போதும் அந்தப் பள்ளிக்கூடக் கொட்டகை மேலேயே இருந்தது.

சோதனை என்றால் வாசிப்புத்தான். இன்ஸ்பெக்டர் ஒரு பக்கத்தைக் காட்டுவார், பிள்ளை எழுந்து உரக்க வாசிக்கும். வருஷா வருஷம் அப்படித்தான் நடந்தது. அதனால் வாத்தியார் புத்தகம் முழுவதையும் உருப்போட வைத்திருந்தார். எழுத்துத் தெரியாத பிள்ளைகூடப் படத்தைப் பார்த்துக் கடகடவென்று ஒப்பித்துவிடும். கெட்டிக்காரத்தனம் என்று அவருக்கு நினைப்பு!

இடித்தது தனலெட்சுமிதான். பால்மரம் வெட்டி ரப்பர்ப் பால் இறக்கும் அங்கம்மாவின் மகள், பத்து வயது, திக்குவாய். சிலேட்டில் முத்து முத்தாக எழுதுவாள். வாசிக்கச் சொன்னால் முதல் எழுத்திலேயே உதடு நடுங்கி நின்றுவிடும். அவள் திக்கி நின்றால் மற்றப் பிள்ளைகளும் மிரண்டு உருப்போட்டதை மறந்துவிடும் என்று வாத்தியாருக்குப் பயம்.

சோதனைக்கு நான்கு நாள் இருக்கும்போது வாத்தியார் அவள் பேரைச் சிவப்பு மையால் அடித்துவிட்டு வேலையாட்கள் குடியிருக்கும் லயத்துக்கு நடந்தார்.

“அங்கம்மா, நாளையிலேருந்து பிள்ளய ஒட்டுப்பால் பொறுக்கக் கூட்டிக்கிட்டுப் போ. சோதனை முடியட்டும், திரும்பச் சேத்துக்கிறேன்.”

“சோதனைக்குன்னுதாங்க வாத்தியாரே புதுப் பாவாட தச்சு வச்சேன்” என்றாள் அங்கம்மா. ஆனாலும் வாத்தியார் சொன்னால் சரியாகத்தான் இருக்கும் என்று நம்பினாள். பாவி மனுஷன், அவரும் அப்படித்தான் நம்பினார்.

இன்ஸ்பெக்டர் வைத்தியலிங்கம் யாழ்ப்பாணத்துக்காரர். சோதனையன்று குளுவாங் ஸ்டேஷனில் ரயிலை விட்டு இறங்கி, வேர்க்க விறுவிறுக்க வந்து சேர்ந்தார்.

“இந்த வருஷம் வாசிப்பு இல்லை மாஸ்டர். பிள்ளையள் மனப்பாடமா ஒப்பிக்கிறது மேலிடத்துக்குத் தெரிஞ்சிட்டுது. நான் சொல்லச் சொல்ல சிலேட்டிலை எழுதட்டும்.”

பதினான்கு சிலேட்டுகளையும் இன்ஸ்பெக்டர் நிதானமாகப் பார்த்தார். ஏழு பேர் தேறினார்கள். சரிபாதி. இன்னும் ஒரே ஒருவர் வேண்டும்.

“ஐயா, இன்னொரு பிள்ள இருக்கு. கொஞ்சம் பொறுங்க!” வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு வாத்தியார் ரப்பர் காட்டுக்குள் ஓடினார்.

தனலெட்சுமி கிழிந்த பாவாடையும், மரத்தில் உறைந்த ஒட்டுப்பாலின் நாற்றமுமாக வந்து நின்றாள். இன்ஸ்பெக்டர் சொன்ன ஐந்து வாக்கியங்களையும் எழுதி நீட்டினாள். ஒரு பிழை இல்லை. அவர் இரண்டு தடவை படித்தார். பிறகு பதிவேட்டைப் புரட்டி, சிவப்புக் கோட்டின் மேல் விரலை வைத்தார்.

“இவளின்ரை பேரை வெட்டினது ஆர்?”

“நான்தாங்கய்யா” என்றார் வாத்தியார்.

“பேர் இல்லாத பிள்ளையை நான் எப்பிடி எண்ணுறது மாஸ்டர்?” இன்ஸ்பெக்டர் பதிவேட்டை மூடினார்.

அடுத்த மாதம் கொட்டகையில் ரப்பர் ஷீட் ஏறியது. வாத்தியாருக்குப் பெரட்டு வேலை மட்டும் மிஞ்சியது. பள்ளிக்கூடம் மூடிய முதல் நாளே, பெரட்டுப் பட்டியலில் தன் கையால் எழுதிய புதுப் பேரை அவரே கூப்பிட வேண்டியிருந்தது.

“தனலெட்சுமி!”

பதில் இல்லை. குரல் வராவிட்டால் அன்றைக்கு வேலை இல்லை, அது பெரட்டுச் சட்டம். “நேரமாச்சு, அடுத்த பேர வாசிங்க” என்று வேலை வாங்கும் தண்டல் அவசரப்படுத்தினான். லாந்தர் வெளிச்சத்தில் அங்கம்மாவுக்குப் பக்கத்தில் ஒரு சின்ன உதடு நடுங்கிக்கொண்டிருந்தது.

“பொறு. பிள்ள சொல்லட்டும்” என்றார் வாத்தியார். களமே காத்து நின்றது. இந்தப் பொறுமை அவள் பேரை அடித்த அன்றைக்கு எங்கே போயிற்று என்று தன்னையே கேட்டுக்கொண்டார்.

“இ… இ… இருக்கேன், வாத்தியாரே.”

வந்த ஆளுக்குப் போடும் கோடுதான்; அதை அவள் பேருக்கு நேரே போட அவருக்குக் கை வரவில்லை.