மானியக் கிணறு

1

இந்தக் கதைக்கு மூலம் ஒரு பெயர்தான். சுரண்டை போகிற வழியில் பஸ் பழுதாகி நின்றபோது, கருவேலம் புதர் மூடிய ஒரு பள்ளத்தைக் காட்டி, பக்கத்து சீட்காரர் "மானியக் கிணறு" என்றார். "சர்க்கார் பணத்துல வெட்டுனது. தண்ணி கெடையாது." சொல்லிவிட்டுக் கண்ணை மூடிக்கொண்டார். மற்றதெல்லாம் நான் கட்டியது. கட்டிக் கலைத்து அலுத்தும் போயிற்று.

2

முதலில் இப்படித் தொடங்கினேன்: 'யுத்த காலம். ரங்கூன் அரிசி நின்றுபோன பிறகு, அதிகமாக உணவு விளைவிக்க வேண்டும் என்று சர்க்கார்...'

அடித்துவிட்டேன். பள்ளிக்கூடப் பாடம் மாதிரி இருந்தது. ஆனாலும் வாசகருக்கு இது தெரிந்தாக வேண்டும்: கிணறு வெட்டினால் சர்க்கார் மானியம் கொடுக்கும். பாறைவரை வெட்டியதும் கொஞ்சம், ஊற்றைக் கண்ட பிறகு மீதி.

முத்துவடிவின் புருஷன் இசக்கியப்பன் அதை நம்பி இறங்கினான். வெடி வைத்த பாறை சரிந்து இடுப்பு ஒடிந்தது. தென்காசி ஆஸ்பத்திரியிலிருந்து படுத்தபடியே வீடு திரும்பினான். கூலி கிடைக்காத வெட்டுக்காரர்கள் காலையில் வந்து வாசலில் உட்கார்ந்துவிட்டுப் போவார்கள். ஒருவரும் வாய் திறந்து கேட்டதில்லை. அதுதான் முத்துவடிவுக்குத் தாங்கவில்லை.

3

ஐப்பசியில் மழை கொட்டிப் பள்ளத்தில் இடுப்பளவு தண்ணீர் நின்றது. மறுநாள் ரெவின்யூ இன்ஸ்பெக்டர் பால்வண்ணநாதன் சைக்கிளில் வந்தார். (இவரை லஞ்சக்காரராக எழுதிப் பார்த்தேன். கதை ரொம்பச் சுலபமாகிவிட்டது. வெறும் களைத்த மனிதராகவே விட்டுவிட்டேன்.)

"ஊத்து விழுந்துட்டா?"

"மழைத் தண்ணி அய்யா" என்றாள் முத்துவடிவு.

அவர் குனிந்து பார்த்தபடியே நின்றார். "நீ சொன்னது என் காதுல விழல. மேலதிகாரி குற்றாலத்துல முகாம் போட்டிருக்காரு. எத்தனை கிணத்துல தண்ணி வந்துட்டுன்னு கேக்காரு. நானும் ஏதாவது சொல்லணும்லா."

"ஊத்து விழுந்துட்டுன்னு எழுதுனா என்ன ஆகும் அய்யா?"

"மீதி ரூவா வரும். அறுப்பு முடிஞ்சதும் கொள்முதலுக்கு ஆள் வரும். தண்ணி உள்ள பூமின்னா சர்க்காருக்கு நெல்லு அளக்கணும்."

வீட்டில் போய்க் கேட்டாள். இசக்கியப்பன் சுவரைப் பார்த்துப் படுத்திருந்தான்.

"எழுதச் சொல்லு. ஆள் வரும்போது பாத்துக்கலாம்."

"நீயா பாக்கப் போற? நாந்தான போய் நிக்கணும்."



(இந்த இடத்தில் அவளை மறுக்க வைக்க ஆசைப்பட்டேன். அவள் உத்தமியாகியிருப்பாள்; எனக்கும் நிம்மதி. ஆனால் வாசலில் உட்கார்ந்திருக்கிறவர்களுக்கு யார் பதில் சொல்வது?)

கைநாட்டு வைத்தாள்.

4

பணம் வந்தது. வெட்டுக்காரர்கள் வாங்கிக்கொண்டு போனார்கள். அன்றைக்கு இசக்கியப்பன், விழுந்த பிறகு முதல் தடவையாக, எழுந்து உட்கார்ந்து சாப்பிட்டான். அவள் அதைப் பார்த்துக்கொண்டே இருந்தாள்.

தையில் பள்ளம் வறண்டது. மாசியில் கொள்முதல் அதிகாரி வந்தார். புது ஆள். கூடவே மாட்டுவண்டியும் வெறுஞ்சாக்குகளும்.

"ஏம்மா, ஒன் கிணத்துல தண்ணி உண்டுன்னு எழுதியிருக்கு. நெல்லு எங்க?"

'தண்ணி வரவே இல்ல அய்யா' என்று அவள் சொல்வதாக எழுதினேன். வாங்கிய பணத்தைத் திருப்பிக் கட்டச் சொல்வார்கள். பால்வண்ணநாதனுக்கு வேலை போகும். 'வந்துது, வத்திட்டு' என்று மாற்றினேன். அடுத்த மாசியிலும் வண்டி வந்து நிற்கும். 'அவள் ஒன்றும் பேசாமல்...' அது அவளுடைய மௌனம் இல்லை, என் சோம்பல். அதையும் அடித்துவிட்டேன்.

5

அதிகாரி காத்திருக்கிறார். வெயில் ஏறுகிறது. எனக்கு இதற்குமேல் ஓடவில்லை. அவளுக்குக் கொடுக்க உங்களிடம் ஒரு பதில் இருந்தால் இங்கே எழுதிக்கொள்ளுங்கள்.

எழுதும்போது ஒன்றை மட்டும் மறக்க வேண்டாம். எதைச் சொன்னாலும் அவள் வீட்டுக்குத் திரும்ப வேண்டும். அங்கே அவன் எழுந்து உட்கார்ந்து, "என்ன சொன்ன?" என்று கேட்பான்.