அறை அறையாகப் போன வீடு

அந்த வருடத்தின் முதல் புயல் கண்ணாடிக்காரியின் வீட்டில் சமையலறையை மட்டும் எடுத்துக்கொண்டு போனது. மற்ற அறைகளில் ஓர் ஆணி அசையவில்லை. கூடத்து ஜன்னல்களைப் பிடித்துக்கொண்டு நின்றிருந்த அவளும் புருஷனும், காற்று ஓய்ந்தபின் தண்ணீர் குடிக்கலாம் என்று சமையலறைக் கதவைத் திறந்தார்கள். கதவுக்கு அந்தப் பக்கம் கடல் தெரிந்தது. சுவர், கூரை, அடுப்பு, பாத்திரம், அடுப்பில் வைத்திருந்த பால் எதுவும் இல்லை. அறை இருந்த இடத்தில் துடைத்துவிட்டது போல ஈர மண் இருந்தது. மறுநாள் காலை மேட்டிலிருந்து லாரியில் இறங்கி வந்த அவள் தம்பி, வண்டியை நிறுத்தாமலே தலையை நீட்டிச் சொன்னான்: "அக்கா, உன் அடுப்படி மேல வந்து உக்காந்திருக்கு."

அது பலகை வீடு. கடலை ஒட்டிய சந்தில் கடைசி வீடு. முன்பு அதற்கும் கடலுக்கும் இடையே வேறு வீடுகள் இருந்தன. ஒவ்வொன்றாகக் கடல் எடுத்துக்கொண்டதில் இவர்கள் கடைசியானார்கள். மகள் பிறந்த வருடமே மேட்டில் மனை வாங்கி, தம்பி ஆள் வைத்து அஸ்திவாரமும் போட்டுவிட்டான். பலகைகளைப் பிரித்து, லாரியில் ஏற்றி, மேலே கொண்டுபோய் மறுபடி அடிக்க வேண்டியதுதான் பாக்கி. நல்ல வெயிலாக இருந்தால் ஒரு வாரத்தில் முடித்துவிடலாம் என்று தம்பி சொன்னான். ஆனால் புருஷன் துறைமுகக் கிடங்கில் மேற்பார்வையாளன். கப்பலில் வரும் பெட்டிகளை இண்டு இடுக்கு விடாமல் அடுக்க வைப்பது அவன் தொழில். திட்டம் போடாமல் ஒரு துடைப்பத்தைக்கூட அவன் இடம் மாற்றமாட்டான். "ஆற அமர யோசிச்சுச் செய்யணும்" என்றான். கூடத்துத் தரையில் சாக்பீஸால் லாரியின் பின்பக்கத்தை நிஜ அளவில் வரைந்தான். எந்தப் பலகை எங்கே படுக்கும், பீரோ எந்தப் பக்கம் திரும்பும், அம்மி எதன்மேல் உட்காரும் என்று அதற்குள் கட்டம் கட்டமாகப் போட்டான். போட்டதை அழித்தான். மறுபடி போட்டான். அந்த லாரியை யாரும் மிதிக்கக்கூடாது. அதனால் அந்தக் கூடம் பல வருடங்களாகக் கழுவப்படவில்லை. மகள் நடை பழகியதே சுவரோரமாக, லாரியைச் சுற்றித்தான்.

வெயில் காலத்தில் கிடங்கில் லீவு கிடைக்காது. லீவு கிடைக்கும்போது புயல் மாதங்கள் தொடங்கிவிடும். "இப்போ பிரிச்சா நடுவழியில நனைஞ்சுடும். இந்த சீசன் முடியட்டும்" என்பான். சீசன் முடிந்ததும், "இன்னும் ஒரு மூலை இடிக்குது, அதைச் சரி பண்ணிடறேன்" என்பான். தம்பி வருடா வருடம் லாரியை வாசலில் கொண்டுவந்து நிறுத்தி, "மச்சான், நிஜ வண்டி வந்திருக்கு" என்று ஹாரன் அடிப்பான். உள்ளே மண்டியிட்டுக் கோடு போட்டுக்கொண்டிருப்பவன், "உன் வண்டி அகலம் பத்தாதுப்பா" என்பான்.

அதற்குள் பலகைகள் உப்பில் வியர்க்க ஆரம்பித்தன. மகளுக்கு மூச்சு இரைத்தது. மழை நாட்களில் அவள் நெஞ்சுக்குள்ளிருந்து கெட்டிலில் வெந்நீர் கொதிப்பது போல விசில் கேட்கும். காய்ந்த இடத்துக்குக் கூட்டிப் போங்கள், மாத்திரை அப்புறம் பார்த்துக்கொள்ளலாம் என்று டாக்டர் சொன்னார். அதைப் புருஷனிடம் சொன்னால், திட்டத்தில் மகளின் கட்டிலை முதலில் இறக்குவது போல மாற்றி வரைந்தான். செவிடன் காதில் சங்கு ஊதினாலாவது ஊதுகிறவனுக்கு மூச்சுப் பயிற்சி என்று அவள் நினைத்துக்கொள்வாள்.

அவளுக்குக் கடைத்தெருவில் கண்ணாடி வெட்டும் வேலை. புயல் மாதங்களில் கடை வாசலில் வெறும் ஜன்னல் சட்டங்களைத் தலையில் தூக்கிக்கொண்டு ஊரே நிற்கும். அளவு வைத்து, கட்டரால் ஒரே கீறு, அடியில் ஒரு தட்டு, இரண்டு கையாலும் ஒரு முறி. கண்ணாடி கேட்டபடி உடையும். ஊர் ஜன்னலையெல்லாம் அடைத்துவிட்டு வீட்டுக்கு வந்தால், தன் வீட்டு ஓட்டையை அடைக்கச் சாக்பீஸ் தூள்தான் இருக்கும்.

ஆகவே சமையலறை மேட்டுக்குப் போய்விட்டது என்று தம்பி சொன்னபோது அவள் வாயைப் பிளக்கவில்லை. ஏறிப் போய்ப் பார்த்தாள். அஸ்திவாரத்தில் சமையலறைக்கென்று விட்ட சதுரத்தில், கோடு பிசகாமல் அது உட்கார்ந்திருந்தது. பாலில் ஏடு படிந்திருந்தது, சிந்தவில்லை. முதலில் ஜன்னலைத்தான் பார்த்தாள். கண்ணாடியில் நகத்தால் சுண்டினாள். ஒரு விரிசல் இல்லை. ஆட்கள் வந்து தூக்கியிருந்தால் நாலு உடைந்திருக்கும். அப்படியே தரையில் உட்கார்ந்தாள். ஆச்சரியம் வரும் என்று கொஞ்ச நேரம் பார்த்தாள், வரவில்லை. வயிறுதான் எரிந்தது. "காத்துக்குத் தெரியுது எதை எங்க வைக்கணும்னு" என்று தம்பியிடம் சொன்னாள். "காத்து யாரையும் யோசனை கேட்கல."

புருஷன் செய்த முதல் காரியம், லாரியிலிருந்து சமையலறைச் சாமான்களை அழித்தது. "பெரிய தொல்லை பண்ணிடுச்சு. இப்போ எல்லாத்தையும் மாத்திப் போடணும்" என்றான்.

அந்த வருடம் முழுக்க மேட்டில் சமைத்துத் தூக்குச்சட்டியில் கீழே கொண்டுவந்தாள். ஊராட்சி ஆபீஸிலிருந்து ஓர் ஆள் வந்து, ஒரு வீட்டின் அடுப்படி ஒரு வார்டிலும் படுக்கை இன்னொரு வார்டிலும் இருக்க விதி இருக்கிறதா என்று யோசித்து, விதி இல்லை, தடையும் இல்லை என்று சொல்லிவிட்டுத் தண்ணீர் குடித்துவிட்டுப் போனார்.

அடுத்த சீசனில் பெரிய புயல் ஒன்று வருவதாக ரேடியோ காலையிலிருந்தே சொன்னது. மரம் விழுந்தால் கடைத்தெருவிலிருந்து திரும்ப முடியாது என்று கண்ணாடிக்காரிக்குத் தெரியும். கடைக்காரரோ விடவில்லை, ஆஸ்பத்திரி ஜன்னல்கள் பாக்கி இருந்தன. போகும்போது புருஷனிடம் சொன்னாள்: "தம்பி வண்டி வரும். பாப்பாவை ஏத்தி மேல அனுப்பிடுங்க. மறந்துடாதீங்க." சரி என்றான். தம்பி வந்தான். ஹாரன் அடித்தான். இதோ ஒரு மூலை, முடிந்தது, முடிந்தது என்று உள்ளிருந்து குரல் வந்தது. சந்தில் மற்ற வீட்டுக் கிழவர்களும் கைக்குழந்தைகளும் நனைந்துகொண்டு நின்றார்கள். தம்பி அவர்களை ஏற்றிக்கொண்டு, திரும்பி வருகிறேன் என்று கத்திவிட்டுப் போனான். திரும்பும் வழியில் பாலம் மூழ்கிவிட்டது.

சாயங்காலம் காற்று தணிந்ததும் அவள் விழுந்த மரங்களைத் தாண்டித் தாண்டி வீட்டுக்கு வந்தாள். கூடத்தில் புருஷன் மண்டியிட்டபடியே இருந்தான், முகம் வெளுத்து. மகளின் அறைக்கதவு கடலைப் பார்த்துத் திறந்து கிடந்தது. அவள் வந்த கால் நிற்காமல், பாலத்தின்மேல் வடிந்துகொண்டிருந்த தண்ணீரில் இறங்கி மேட்டைப் பார்த்து ஓடினாள். செருப்பு எங்கே போனது என்று அவளுக்கு இன்றுவரை தெரியாது.

சமையலறைக்குப் பக்கத்தில், அதற்கென்று விட்ட சதுரத்தில், மகளின் அறை இருந்தது. மகள் கட்டிலில் சம்மணம் போட்டு உட்கார்ந்திருந்தாள். நெஞ்சில் விசில் இல்லை. கண்ணாடிக்காரி காதை வைத்துக் கேட்டாள், மறுபடி கேட்டாள். காற்று போவதும் வருவதுமாக மட்டும் இருந்தது.

"அம்மா, மேலேர்ந்து எல்லா வீட்டுக் கூரையும் தெரிஞ்சுது. நம்ம கூரைதான் ரொம்ப மோசம்" என்றாள் மகள்.

"அப்பாவைக் கூப்பிட்டியா?"

"ரூம் ஆடும்போதே கூப்பிட்டேன். ஓடி வரப் பார்த்தேன். லாரியை மிதிக்காதே, சுத்தி வான்னாரு. சுத்தி வர்றதுக்குள்ள கிளம்பிடுச்சு."

கண்ணாடிக்காரி அதை ஒரு தடவைதான் கேட்டாள். மறுநாள் காலை கீழே இறங்கி, ஒரு வாளித் தண்ணீரும் சாக்குத் துணியும் எடுத்துக்கொண்டு, கூடத்து லாரியை ஒரு முனையிலிருந்து துடைக்கத் தொடங்கினாள். புருஷன் பதறிப் போய்க் குறுக்கே கையை நீட்டினான்.

"என்ன பண்றே நீ? எத்தனை வருஷ வேலை தெரியுமா அது?"

"தெரியும். உங்க பொண்ணு வானத்துல போயிருக்கா. நீங்க அவளைச் சுத்தி வரச் சொன்னீங்க."

"எனக்கு எப்படித் தெரியும், அது கிளம்பும்னு..."

"அடுப்படி கிளம்பினப்போ பார்த்தீங்கல்ல? கண்ணு எங்க இருந்துச்சு? இந்தக் கோட்டுல இருந்துச்சு. தலைக்கு மேல வெள்ளம் போகுது, இங்க சாண் எத்தனை முழம் எத்தனைன்னு அளந்துட்டு இருந்தீங்க."

கடைசிக் கட்டத்தையும் துடைத்துவிட்டுத் துணியைப் பிழிந்தாள். கறுப்புத் தண்ணீர் வந்தது. அவனைப் பார்த்து 'நீங்க' என்று அவள் சொன்னது அதுதான் கடைசி. 'நீ' என்றும் இறங்கவில்லை. அதற்குப்பின் அவன் அவளுக்கு 'அந்த ஆள்' ஆனான்.

அவள் மேட்டில் மகளோடு இருந்துகொண்டாள். பாதி வீட்டைப் போட்டுவிட்டு எப்படி வருவது என்று அவன் கீழேயே தங்கி, துறைமுகக் கேன்டீனில் சாப்பிட்டு, லாரியை மறுபடி முதலிலிருந்து வரைந்தான். அடுத்தடுத்த சீசன்களில் குளியலறை போனது, படுக்கையறை போனது, சாமான் அறை போனது. எல்லாம் மேட்டில் அதனதன் சதுரத்தில், கண்ணாடி உடையாமல் வந்து உட்கார்ந்தன. குளியலறையில் சோப்பு ஈரமாகவே இருந்தது. ரேடியோ காற்றின் வேகத்தைச் சொன்னால், இந்த முறை எந்த அறை என்று கடைத்தெருவில் கேட்டுக்கொள்வார்கள். கண்ணாடிக்காரி அதற்குப் பதில் சொன்னதில்லை. காற்றோடு அவளுக்கு எந்த ஏற்பாடும் கிடையாது. கோபம் மட்டும்தான் அவள் கையில் இருந்தது, அதை அவள் யாருக்கும் கடன் கொடுக்கவில்லை.

கடைசியில் கீழே கூடம் மட்டும் மிஞ்சியது, நடுவில் ஒரு நாற்காலி, அதைச் சுற்றிச் சாக்பீஸ் லாரி. இப்போது அவன் தயாராகிவிட்டான். புயல் எச்சரிக்கை வந்ததும் சலவைச் சட்டை போட்டு, ஜன்னல்களைச் சாத்தி, பையை மடியில் வைத்துக்கொண்டு நாற்காலியில் உட்கார்ந்தான். புயல் வந்தது. சந்து முனைவரை நேராக வந்து, கூடத்தைச் சுற்றிக்கொண்டு போனது. கிடங்கின் தகரக் கூரையை எடுத்தது, பக்கத்துச் சந்தின் கோழிக்கூண்டை எடுத்தது, கூடத்தைத் தொடவில்லை. அடுத்த புயலும் அப்படியே. அதற்கடுத்த புயலின்போது அவன் வாசலில் நின்று, ஒரு முறை வேண்டாமா, ஒரு திட்டம் வேண்டாமா என்று காற்றைத் திட்டித் தீர்த்தான். பிறகு மச்சினனைக் கூப்பிட்டு, "இது எப்போதான் என்னை எடுத்துட்டுப் போகும்னு உங்க அக்காகிட்ட கேளு" என்றான்.

கண்ணாடிக்காரி கடையில் ஒரு சட்டத்தில் கண்ணாடி அசையாமல் நிற்கப் பட்டி வைத்துக்கொண்டிருந்தாள். தலை நிமிராமல் சொன்னாள்: "நடக்க முடியாததைத்தான் காத்து தூக்கிட்டு வந்துச்சு. அந்த ஆளுக்குக் கால் இருக்கு."

இதை ஊர் நியாயம் என்றே எடுத்துக்கொண்டது. அவனுக்குத்தான் அது இறங்க ஒரு சீசன் ஆனது. ஒரு தூறல் நாளின் பிற்பகலில், பையில்லாமல், நாற்காலியில்லாமல், வெறுங்கையோடு மேட்டில் ஏறினான். வீட்டைச் சுற்றிச் சுற்றி வந்தான். வாசலைக் காணோம். வாசற்கதவு கூடத்தோடு கீழே இருந்தது. கூடத்துக்கென்று விட்ட இடத்தில் மேற்கூரை இல்லாமல், எடுக்காமல் விட்ட துணி கொடியில் தொங்கிக்கொண்டிருந்தது. அந்தத் துணிகளுக்கு நடுவே நின்று, யாரைக் கூப்பிடுவது, எப்படிக் கூப்பிடுவது என்று தெரியாமல் நனைந்தான். அவன் உயரத்துக்கு வளர்ந்துவிட்ட மகள் சமையலறைக் கதவைத் திறந்து, "இப்படி வாங்கப்பா" என்றாள்.

"வரலாமா?" என்று அவன் உள்ளே பார்த்துக் கேட்டான்.

"காலைத் துடைச்சிட்டு வரச் சொல்லு" என்றாள் கண்ணாடிக்காரி மகளிடம்.

தட்டில் சாப்பாடு வைத்தாள். அவன் வாயில் முதல் கவளம் போனதும் பேச ஆரம்பித்தாள். மனை வாங்கிய நாளிலிருந்து தொடங்கி, அவன் தின்றுமுடிக்கும்வரை பேசினாள், மறுநாளும் பேசினாள், அந்த மழைக்காலம் முழுக்க, காய் நறுக்கும்போதும் துணி மடிக்கும்போதும் விட்ட இடத்திலிருந்து பேசினாள். அவன் யோசிக்கலாம் என்று சொல்லவில்லை. ஒரு தரம் மட்டும், "தப்புதான்" என்றான்.

"அது பத்தாது."

"தெரியும்" என்று எழுந்துபோய்ப் பாத்திரத்தைக் கழுவினான்.

சீசனின் கடைசிப் புயல் ஆளில்லாத கூடத்தைத் தூக்கியது. மேட்டில்தான் வந்து இறங்கும் என்று ஊர் நினைத்தது. மூவரும் சமையலறை ஜன்னலில் நின்று பார்த்தார்கள். கூடம் அவர்கள் தலைக்கு மேலே, வாசற்கதவு படபடக்க, அவசரமில்லாமல் வந்தது. நிற்கவில்லை. மேட்டைத் தாண்டி மேற்கே போய் மேகத்துக்குள் நுழைந்தது. "கொஞ்சம் இந்தப் பக்கம் திரும்பியிருந்தா..." என்று அவன் ஆரம்பித்தான். கண்ணாடிக்காரி திரும்பிப் பார்த்தாள். அவன் வாயை மூடிக்கொண்டான். அதைத் தேடி யாரும் போகவில்லை.

அந்த வீட்டுக்கு இன்றும் கூடமும் இல்லை, வாசலும் இல்லை. வரி கேட்டு வருகிறவர், டாக்டர், பிறகு மகளைப் பெண் கேட்டு வந்தவர்கள், எல்லாரும் சமையலறை வழியாகத்தான் குனிந்து நுழைந்தார்கள். கண்ணாடிக்காரி எழுந்து வழிவிட்டதில்லை. அடுப்பு வேலையோ கட்டர் வேலையோ, கையில் இருப்பதை முடித்துவிட்டு, காலைத் துடைத்தாயிற்றா என்று கேட்டுவிட்டு, அப்புறம்தான் உட்காரச் சொல்லுவாள்.