எதைத் திருப்பணும்?

அந்த மின் நிலையத்தில் நெருப்புக்காரர்களுக்கும் வெயில்காரர்களுக்கும் ஏழாம் பொருத்தம். நெருப்புக்காரர்கள் என்றால் கேஸை எரித்து டர்பைனைச் சுழற்றுகிறவர்கள். இருபது வருஷமாக அதே வேலை, அதே மிதப்பு. வெயில்காரர்கள் போன வருஷம் வந்து இறங்கியவர்கள். நிலையத்துக்குப் பின்னால் இருந்த பொட்டலில் வளைந்த கண்ணாடிகளை வரிசை வரிசையாக நிறுத்தி, வெயிலைக் குவித்து, குழாயில் ஓடும் எண்ணெயைச் சூடாக்கி, அந்தச் சூட்டில் நீராவி எடுக்கிறவர்கள். அந்த நீராவியை நெருப்புக்காரர்களின் பாய்லரோடு சேர்த்துவிட்டால் பகலெல்லாம் கேஸ் மிச்சம். சொல்வதற்கு எவ்வளவு சுலபமாக இருக்கிறது பாருங்கள்!

சேர்க்கத்தான் முடியவில்லை. இரண்டு தடவை முயன்று இரண்டு தடவையும் மண்ணைக் கவ்வியாயிற்று. இன்று மூன்றாவது. இன்றும் ஊற்றிக்கொண்டால் கண்ணாடித் தோட்டத்தை இழுத்துப் பூட்டிவிட்டு, அதன் மேற்பார்வையாளரை முந்நூறு கிலோமீட்டர் தள்ளியிருக்கும் இன்னொரு நிலையத்துக்கு அனுப்புவதாக உத்தரவு தயார்.

அந்த மேற்பார்வையாளரை எல்லாரும் ‘கண்ணாடியக்கா’ என்பார்கள். அவள் கணவன் யார் தெரியுமோ? கண்ட்ரோல் ரூமில் உட்கார்ந்து கேஸை ஏற்றி இறக்கும் ஆபரேட்டர். நெருப்புக்காரர்களின் தலையே அவன்தான்! ஒரே வீடு, ஒரே ஸ்கூட்டர், கட்சி மட்டும் வேறு.

மாற்றல் விஷயம் தெரிந்து பத்து நாளாகியும் அந்த மனுஷன் “போகாதே” என்று ஒரு வார்த்தை சொல்லவில்லை. கல்லைப் போல உட்கார்ந்து பேப்பர் படித்தான். கண்ணாடித் தோட்டம் பூட்டப்படுவதைவிட இதுதான் அவளுக்கு வயிற்றெரிச்சலாக இருந்தது.

அன்று காலை ரொட்டியைப் பிய்த்துக்கொண்டே அவன்தான் ஆரம்பித்தான். “போன தடவை திருப்பச் சொன்னேன். நீ திருப்பலை.”

“திருப்பினேன்! நீங்க சொன்ன அடுத்த நொடியே திருப்பினேன். கையெழுத்துப் போட்டு எழுதிக் குடுத்திருக்கேன்.”

“திருப்பியிருந்தா ஸ்டீம் ஏன் என் பக்கம் வந்துச்சு? அதுவும் ஆறிப்போய்?”

“கண்ணாடியை வெயில்லேருந்து திருப்பினா ஸ்டீம் ஆறாம பின்னே கொதிக்குமா?”

ஷூ நாடா கட்டிக்கொண்டிருந்த நாத்தனார் தலையைத் தூக்கினாள். அவள் கார் ஓட்டக் கற்றுக்கொடுக்கிறவள். வாய் சும்மா இருக்காது.

“அண்ணி, ஒரு நிமிஷம். நான் நாள் முழுக்க ‘திருப்பு, திருப்பு’ன்னு தொண்டை கிழியக் கத்துறவ. எதைன்னு சொல்லலேன்னா ஒருத்தர் ஸ்டியரிங்கைத் திருப்புவாரு, இன்னொருத்தர் கழுத்தைத் திருப்பி என்னைப் பாப்பாரு. நீங்க ரெண்டு பேரும் எதைத் திருப்பினீங்க?”

வாயில் வைத்த ரொட்டியை அவன் மென்று விழுங்க மறந்தான்.

விஷயம் இவ்வளவுதான். தொடக்கத்தில் வரும் நீராவிக்குச் சூடு போதாது. சூடு ஏறும்வரை அதைப் பாய்லருக்கு விடாமல் குளிரூட்டும் தொட்டிக்கு அனுப்ப வேண்டும். கண்ட்ரோல் ரூமில் அதற்குப் பெயர் ‘திருப்பு’. அதற்கான வால்வு இருப்பதோ கண்ணாடித் தோட்டத்து ஓரத்தில். வெயில்காரர்களுக்கு ‘திருப்பு’ என்றால் ஆபத்து, கண்ணாடிகளைத் தரையைப் பார்க்கக் கவிழ்த்துவிடு என்று அர்த்தம். அவன் நீராவியைச் சொன்னான், அவள் கண்ணாடியைக் கவிழ்த்தாள். இரண்டு தடவையும்!

“அடக் கடவுளே,” என்றாள் அவள். சிரிப்பு வந்துவிட்டது. புரையேறும்வரை சிரித்தாள். “இந்த ஒரு வார்த்தைக்கா ரெண்டு மாசமா நாம மூஞ்சியைத் தூக்கி வச்சுக்கிட்டுத் திரிஞ்சோம்?”

“இனிமே ஸ்டீமுக்கு ‘ஒதுக்கு’. கண்ணாடிக்கு ‘கவுத்து’. திருப்புங்கிற பேச்சே கிடையாது,” என்றான் அவன்.

எல்லாம் சரி. ஆனால் இதைத் தலைமைப் பொறியாளரிடம் சொல்ல நேரமில்லாமல் போயிற்று. அவரை ‘பிரஷர் சார்’ என்பார்கள். பாய்லரில் அழுத்தம் ஏறினால் அவருக்கும் ஏறும். தலைமை அலுவலகத்திலிருந்து வந்த நாலு பேரை அழைத்துக்கொண்டு நேரே கண்ட்ரோல் ரூமுக்குள் நுழைந்துவிட்டார்.

பதினோரு மணி. வெயில் வெளுத்து வாங்கியது. கண்ணாடியக்கா தோட்டத்து ஓரத்தில் நீராவிக் குழாயின் சூட்டுமானியைக் கண்ணில் விளக்கெண்ணெய் ஊற்றிக்கொண்டு பார்த்தாள். நீராவி அப்போதுதான் கிளம்பியிருந்தது. முள் ஏறிக்கொண்டே இருந்தது, ஆனால் பாய்லருக்குப் போதுமான சூட்டைக் காட்டும் சிவப்புக் கோட்டை இன்னும் தொடவில்லை. பக்கத்தில் அவளுடைய உதவியாள் குண்டு ஃபிட்டர், கண்ணாடிகளைக் கவிழ்க்கும் ஸ்விட்ச் மேல் விரலை வைத்து நின்றான்.

அவள் கையிலிருந்த வாக்கி-டாக்கி அலறியது. கணவன் குரல் அல்ல. அவன் கையிலிருந்து பிரஷர் சார் பிடுங்கியிருக்க வேண்டும். “திருப்பு! திருப்பு! உடனே திருப்பு!”

ஃபிட்டரின் விரல் அழுந்தப் போயிற்று.

“கையை எடு!” அவள் போட்ட சத்தத்தில் அவன் துள்ளி விலகினான். பிரஷர் சாரை எதிர்த்துக் கேள்வி கேட்டவர்கள் அந்த நிலையத்தில் கிடையாது. அவள் வாக்கியை வாயருகே கொண்டுபோனாள்.

“எதை சார்?”

பிரஷர் சார் இன்னும் உரக்கக் கத்தினார்.

“எதையா? எதையாவது திருப்பும்மா!”

வந்திருந்த நாலு பேரில் யாரோ களுக்கென்று சிரித்தது வாக்கியில் கேட்டது. அதன்மேல் கணவன் குரல் பாய்ந்தது: “ஒதுக்கு! ஸ்டீமை ஒதுக்கு! கண்ணாடியைத் தொடாதே!”

“ஒதுக்கிட்டேன்!” வால்வுச் சக்கரத்தை அவளே சுற்றினாள். நீராவி தொட்டிப் பக்கம் ஓடியது. கண்ணாடிகள் சூரியனைப் பார்த்தபடியே இருந்தன. ஒரு நிமிஷம். இரண்டு. மூன்றாவது நிமிஷம் முள் சிவப்புக் கோட்டைத் தாண்டியது.

“சூடு வந்தாச்சு. பாய்லருக்கு விடவா?”

“விடு!”

விட்டாள். குழாய்கள் லேசாக உறுமின, அப்புறம் அடங்கின. எதுவும் நிற்கவில்லை, எதுவும் வெடிக்கவில்லை. கால் மணி நேரம் கழித்துக் கணவன் குரல் வாக்கியில் வந்தது.

“கேஸைக் குறைச்சிட்டேன். அஞ்சுல ஒரு பங்கு குறைச்சாச்சு. கரண்ட் இம்மிகூடக் குறையலை. கேக்குதா? இம்மிகூட!”

தோட்டமே குதித்தது. குண்டு ஃபிட்டர் சந்தோஷத்தில் வால்வைக் கட்டிப்பிடிக்கப் போய், சூடு பட்டு, அதற்கும் சேர்த்து ஆடினான்.

அடுத்து வாக்கியில் பிரஷர் சார் பேசினார். “கண்ணாடியம்மா, தோட்டம் ஓடும். உன் மாத்தல் ரத்து. ஆனா ஒரு சிக்கல். உன் வீட்டுக்காரரு போன வாரமே என்கிட்ட ஒரு கடுதாசி குடுத்திருக்காரு. நீ போற ஊருக்கே தானும் போகணுமாம். அங்க கேஸே கிடையாதுய்யான்னேன். பரவாயில்லை சார், கேட் காவலுக்குப் போட்டாலும் போறேன்னாரு. வீட்டுல சொல்லிடாதீங்கன்னு வேற கெஞ்சினாரு. இப்ப இதைக் கிழிக்கவா, இல்லே அவரை மட்டும் அனுப்பி வைக்கவா?”

தோட்டம் முழுக்கச் சிரித்தது. அவளுக்குக் கண் நிறைந்து எதிரே இருந்த கண்ணாடிகள் எல்லாம் கலங்கின. பத்து நாளாகக் கல் என்று திட்டினாளே, அந்த மனுஷனை! நெருப்பை விட்டு ஒரு நாள் நகராதவன், கேட்டில் நிற்கக்கூடத் தயாராக இருந்திருக்கிறான்.

“கிழிங்க சார்!” என்று கத்தினாள். “சுக்குநூறாக் கிழிங்க! அப்புறம் அந்த ஆளை வெளியே அனுப்புங்க, நான் பாக்கணும்!”