கையில் சேராத ஜகாத்

24.10.2005, திங்கள். ‘இன்று ஒரு சின்னத் தப்பு செய்தேன். ஜைத்தூன்பீயின் பாக்கியை ஜகாத்தில் கழித்துவிட்டேன். பாயைக் கேட்கவில்லை.’

நாட்குறிப்பில் எழுதியதைப் படித்துப் பார்த்து, ‘சின்ன’ என்பதை மட்டும் அடித்தாள் சகாயசெல்வி.

மாலையில் கணினியில் கணக்கு எழுதும் டேலி வகுப்பு, பகலில் மரக்காணம் கவுஸ் பாயின் மளிகைக் கடையில் கணக்கு. நோன்பு மாதம் வந்தால் பாய் இருக்கும் சரக்கையும் ரொக்கத்தையும் மதிப்புப் போட்டு, நூற்றுக்கு இரண்டரை வீதம் ஏழைகளுக்கு ஒதுக்கிவிடுவார். அந்த ஜகாத் வாங்குகிறவர்களில் ஜைத்தூன்பீயும் ஒருத்தி. மழையில் உப்பளம் மூழ்கி வேலை நின்றதால், கடைக்குப் பாக்கி வைத்திருப்பவளும் அவள்தான். கொடுக்கவேண்டியது அறுநூறு, வரவேண்டியதும் அறுநூறு. நேர் செய்துவிட்டாள் செல்வி. வகுப்பாக இருந்திருந்தால் சார் பாராட்டியிருப்பார்.

அதோடு விட்டாளா? கடைக்கு வந்த ஜைத்தூன்பீயிடம், “ஒங்க பாக்கி ஜகாத்துலயே கழிஞ்சிடுச்சிக்கா” என்று சொல்லியும்விட்டாள்.

ஜைத்தூன்பீயின் முகம் மலரவில்லை. “அப்படியாம்மா? அந்தக் காசுல கூரைக்குக் கீத்து வாங்கலாம்னு இருந்தேன். ஒழுகாத எடம் ஒரு மூலைதான். புள்ளைங்க அங்கதான் சுருண்டு கெடக்குதுங்க.” வாங்க வந்ததை வாங்காமலே மழையில் இறங்கிப் போய்விட்டாள்.

தொழுகை முடிந்து வந்த பாய் விஷயத்தைக் கேட்டுத் தலையில் கை வைத்தார். “ஏம்மா, நானே எனக்கு ஜகாத் குடுத்துக்கிட்ட மாதிரில்ல இருக்குது! கடன்ல கழிச்சா சேராதும்மா. அவங்க கையில போய்ச் சேரணும். அப்பறம் அது அவங்க துட்டு. கூரை போடட்டும், பிரியாணி துன்னட்டும், நமக்கென்ன?”

“அப்ப பாக்கி, பாய்?”

“அது பாட்டுக்கு இருக்கட்டும். உப்பளத்துல வேலை ஆரம்பிச்சதும் தருவாங்க. கழிஞ்சிடுச்சின்னு சொன்னது நீ. இந்தா அறுநூறு. போய்க் குடுக்கறதும் சொல்றதும் நீதான்.”

கணக்கைத் திருத்துவது பெரிய வேலை இல்லை. தீர்ந்தது என்று சொன்ன கடனை இருக்கிறது என்று எந்த முகத்தோடு சொல்வது? கணக்கு எழுதுகிற பெண்ணே பணத்தோடு வந்து நின்று அதையும் சொன்னால், கடனைக் கேட்கத்தான் வந்திருக்கிறாள் என்று நினைத்து, ஜைத்தூன்பீ பணத்தை அப்படியே திருப்பித் தந்துவிட்டால்? பிள்ளைகள் இன்னும் அந்த மூலையில்தான் கிடக்கும்.

வெகுநேரம் யோசித்துவிட்டு எழுதினாள்:

‘நாளை காலை கடைக்குப் போகுமுன் ஜைத்தூன்பீ வீடு. முதலில் அறுநூறைக் கையில் கொடுக்கவேண்டும். கீத்து வந்து இறங்கிய பிறகுதான் பாக்கியைப் பற்றிச் சொல்லவேண்டும். கணக்கு நோட்டைக் கொண்டுபோகக் கூடாது.’